அரசு உதவி வறுமையைக் குறைக்கிறதா? ரேஷன், உரிமைத் தொகை, ஓய்வூதியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகக் கிடைக்கும் அரசு உதவிகளைப் பற்றிய பக்கம் இது. திட்டங்கள் வறுமையை எந்த அளவுக்குக் குறைத்திருக்கின்றன, எங்கே கைவிடுகின்றன, கைவிட்டால் என்ன செய்வது என்ற மூன்றையும் சேர்த்தே சொல்கிறோம். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர்கள், சுய உதவிக் குழுப் பொறுப்பாளர்கள், ஊராட்சி உறுப்பினர்கள் ஆகியோருக்கும் இது பயன்படும்.

இந்த உதவிகளால் வறுமை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

குறைந்திருக்கிறது. வறுமையை அளக்கத் திட்டக் குழு அமைத்த டெண்டுல்கர் குழுவின் அளவுகோல்படி 2011-12ல் இந்தியாவில் 21.92 சதவீதம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். தமிழ்நாட்டில் அது 11.28 சதவீதம். நிதி ஆயோக்கின் பல பரிமாண வறுமைக் குறியீட்டில் தமிழ்நாடு 2015-16ல் 4.76 சதவீதமாக இருந்து 2019-21ல் 2.20 சதவீதத்துக்கு இறங்கியது. அதே 2019-21ல் நாடு முழுவதற்குமான அளவு 14.96 சதவீதம்.

இந்த 2.20 சதவீதத்தை வைத்துக்கொண்டு "தமிழ்நாட்டில் வறுமையே இல்லை" என்று பேசுவது தவறு. அந்தக் குறியீடு பார்ப்பது ஊட்டச்சத்து, பள்ளிப் படிப்பு, கழிப்பறை, சமையல் எரிவாயு, மின்சாரம், வங்கிக் கணக்கு போன்றவற்றை. வருமானத்தை அது பார்ப்பதில்லை. வீட்டில் மின்சாரமும் சிலிண்டரும் வங்கிக் கணக்கும் இருந்தும், மாதம் முழுக்கக் கூலி வேலை கிடைக்காமல் வட்டிக்கு வாங்கிச் சாப்பிடும் குடும்பம் அந்தக் கணக்கில் ஏழை ஆகாது.

இந்தக் குறைவில் அரசு உதவியின் பங்கு எவ்வளவு என்பது தனிக் கேள்வி. பொருளாதார அறிஞர்கள் ஜீன் டிரேஸும் ரீத்திகா கேராவும் 2009-10 தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளைக் கொண்டு ரேஷனின் பங்கை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். கிராமப்புற வறுமை இடைவெளியை ரேஷன் நாடு முழுவதும் சேர்த்து 18 முதல் 22 சதவீதம் வரை குறைத்தது. தமிழ்நாட்டில் 61 முதல் 83 சதவீதம் வரை குறைத்தது. வறுமை இடைவெளி என்பது ஏழைகளின் தலைக்கணக்கு அல்ல; ஏழைகள் கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறார்கள் என்ற ஆழம். மாதம் 500 ரூபாய் குறைவாக இருந்த குடும்பத்துக்கு 400 ரூபாய் பெறுமான அரிசி கிடைத்தால் தலைக்கணக்கில் அது இன்னமும் ஏழைதான். ஆனால் அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு நிற்காது. அரசு உதவியை அளக்க இந்த ஆழத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பத்துக்கு ரேஷனால் மாதம் எவ்வளவு மிச்சமாகிறது?

மூன்று பேருக்கு மேல் உள்ள அரிசி அட்டை வீட்டை எடுத்துக்கொள்வோம். 20 கிலோ அரிசி இலவசம் (இலவச அரிசி 2011 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது). துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை தலைக்கு அரை கிலோ வீதம் 2 கிலோ வரை, கிலோ 25 ரூபாய்.

ரேஷன் அரிசியைக் கடையில் விற்கும் நல்ல பொன்னியோடு ஒப்பிட்டால் கணக்கு வீங்கிவிடும். அதன் தரத்துக்கு ஏற்ப கிலோ 30 ரூபாய் என்றே வைப்போம்: 600 ரூபாய். பருப்பும் எண்ணெயும் வெளியே தலா 130 ரூபாய் என்றால் மிச்சம் முறையே 100, 105. சர்க்கரை வெளியே கிலோ 45 என்றால் 2 கிலோவுக்கு 40. ஆக மாதம் சுமார் 845 ரூபாய். நிரந்தரச் சம்பளம் உள்ள வீட்டுக்கு இது பெரிய தொகை இல்லை. மழைக்காலத்தில் பத்து நாள் வேலை கிடைத்தாலே அதிகம் என்ற வீட்டில் இது கடனுக்கும் கடனில்லாமைக்கும் இடையே உள்ள தொகை. வேலை இல்லாத மாதத்திலும் தவறாமல் வருவதுதான் இதன் தனி பலம்.

வசதியானவர்களும் வாங்குகிறார்களே. ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் பணம் மிச்சமாகாதா?

கேட்க நியாயமாக இருக்கும். நடைமுறையில் அடிபடுவது ஏழைதான். காரணம், யார் ஏழை என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க நேரம், படிப்பு, ஆள்பலம் மூன்றும் தேவை. மூன்றும் குறைவாக உள்ளவர்தான் ஏழை.

இது அனுமானம் இல்லை. 1997ல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று அட்டைகளைப் பிரித்தது. 2004-05ல் கிராமப்புற ஏழைக் குடும்பங்களில் சுமார் பாதிப்பேரிடம் வறுமைக்கோட்டு அட்டை இல்லை. அரசு மானியத்தில் அனுப்பிய தானியத்தில் 58 சதவீதம் சேர வேண்டிய குடும்பங்களைச் சேரவில்லை என்று திட்டக் குழுவின் மதிப்பீடே 2005ல் சொன்னது. பட்டியலைச் சுருக்கினால் கசிவும் குறையவில்லை. ஏழையும் வெளியே நின்றார்.

அந்தப் பிரிவினையைத் தமிழ்நாடு ஏற்காமல் எல்லோருக்குமான ரேஷனைத் தொடர்ந்தது. அதன் பலன் வெறும் அரிசி மட்டும் இல்லை. ஆசிரியரும் கூலித் தொழிலாளியும் ஒரே கடைக்கு வரும் ஊரில், கடை பூட்டிக் கிடந்தால் அன்றே கேள்வி எழும். ஏழைகள் மட்டும் வரும் கடையில் எடை குறைந்தால் கேட்க ஆள் இருக்காது. வசதியானவர்களைத் தடுக்கத் தேவையும் இல்லை. அரிசி வேண்டாதவர்களில் பலர் தாமாகவே வாங்குவதில்லை. சர்க்கரை அட்டை, பொருளில்லா அட்டை என்று மாறிக்கொள்ள வழியும் இருக்கிறது.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தமிழ்நாடு 2016 நவம்பரில் சேர்ந்தது. அதன்படி மத்திய அரசு சலுகை தானியம் தரும் அளவு, மாநிலத்தின் கிராமப்புற மக்களில் 62.55 சதவீதம், நகர்ப்புறத்தில் 37.79 சதவீதம். மீதிப் பேருக்கான செலவை மாநில அரசே ஏற்கிறது.

அட்டையில் பி.எச்.எச்., என்.பி.எச்.எச். என்று இருப்பது என்ன? மாற்ற முடியுமா?

பி.எச்.எச். முன்னுரிமை அட்டை. என்.பி.எச்.எச். முன்னுரிமையற்றது; ஆனாலும் அரிசி உண்டு. பி.எச்.எச். ஏ.ஏ.ஒய். என்பது மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை, மாதம் 35 கிலோ அரிசி, சர்க்கரை கிலோ 13.50 ரூபாய். எஸ் என்று முடிந்தால் அரிசிக்குப் பதில் சர்க்கரை. என்.சி. என்றால் பொருள் எதுவும் இல்லை, அடையாளத்துக்கு மட்டும்.

முன்னுரிமைப் பட்டியலில் இருந்து விலக்கும் விதிகளில் வருமான வரி கட்டுவது, அரசு வேலை, 5 ஏக்கருக்கு மேல் நிலம், நான்கு சக்கர வாகனம், ஏ.சி., மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் கொண்ட கான்கிரீட் வீடு, ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகியவை உண்டு. 2017 ஜூலையில் இந்தப் பட்டியல் அரசிதழில் வந்தபோது ரேஷனே நின்றுவிடும் என்று பீதி கிளம்பியது. என்.பி.எச்.எச். அட்டைக்கும் அரிசி தொடரும் என்று அரசு விளக்கம் தர வேண்டியிருந்தது.

தனியாக வாழும் விதவை, முதியவர், மாற்றுத்திறனாளி ஆகியோரின் அட்டை தவறாக என்.பி.எச்.எச். ஆகியிருந்தால் வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுங்கள். மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் ரேஷன் குறைதீர் முகாமிலும் கொடுக்கலாம்.

புதிய அட்டை கேட்டால் தள்ளுபடி ஆகிறது. ஏன்?

பெரும்பாலும் ஒரே காரணம்: பழைய அட்டையில் பெயர் நீக்கப்படவில்லை. திருமணமாகித் தனிக்குடித்தனம் போகும் இருவரின் பெயரும் இரண்டு பெற்றோர் வீட்டு அட்டைகளிலும் இருக்கும். இரண்டிலும் நீக்கிய பிறகே விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த காரணம் முகவரிச் சான்று. வாடகை வீட்டில் இருப்பவரிடம் மின் ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். அதோடு வாடகை ஒப்பந்தமும் வையுங்கள். மூன்றாவது, கள விசாரணைக்கு வரும்போது வீடு பூட்டியிருப்பது. கூலிக்குப் போகும் வீட்டில் இது சகஜம். பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வைப்பதும், விண்ணப்பத்தில் எப்போதும் எடுக்கும் கைபேசி எண்ணைக் கொடுப்பதும் உதவும்.

கைரேகை விழாததால் பொருள் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

சுண்ணாம்பு, சிமென்ட், சாயம், பாத்திரம் தேய்க்கும் வேலை செய்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் ரேகை தேய்ந்துவிடும். இதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது. வரிசையாக இவற்றைக் கேளுங்கள்: வேறு விரல், குடும்பத்தில் வேறு ஒருவரின் விரல், கருவிழிக் கருவி. இவை எதுவும் இல்லையென்றால் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு தரும்படி கேளுங்கள்.

கடைக்கு வர முடியாத முதியவரும் மாற்றுத்திறனாளியும் தமக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்க, அதற்கான படிவத்தைக் கடையிலோ வட்ட வழங்கல் அலுவலகத்திலோ கொடுக்கலாம். 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வயது ஆதாரில் தவறாக இருப்பவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். முதலில் ஆதாரைத் திருத்துங்கள்.

வாங்காத பொருளுக்கு "பெற்றுக்கொண்டீர்கள்" என்று குறுஞ்செய்தி வருகிறதே?

உங்கள் பங்கு வேறு எங்கோ போகிறது என்று அர்த்தம். குறுஞ்செய்தியை அழிக்காமல் 1967 அல்லது 1800 425 5901 என்ற இலவச எண்ணில் அட்டை எண்ணோடு புகார் செய்யுங்கள். "பருப்பு அடுத்த வாரம்" என்று சொல்லி இன்றே பில் போடுவதும் இதே வகை. வாங்காத பொருளுக்குக் கைரேகை வைக்காதீர்கள். கைபேசி எண் மாறியிருந்தால் அட்டையில் புது எண்ணைப் பதியுங்கள். பழைய எண்ணுக்குச் செய்தி போய்க்கொண்டிருந்தால் திருட்டு தெரியவே தெரியாது.

வேலைக்காக ஊர் மாறியவர்களுக்கு?

2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டு அட்டைதாரர் மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். ராமநாதபுரத்து அட்டையோடு திருப்பூரில் வாங்க முடியும். ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்கும் இங்கே உரிமை உண்டு. ஆனால் அவர்கள் ஊரில் உணவுப் பாதுகாப்புச் சட்ட அட்டை இருக்க வேண்டும், ஆதார் இணைந்திருக்க வேண்டும். தானியம் மட்டுமே கிடைக்கும். பருப்பும் பாமாயிலும் மாநிலத் திட்டம் என்பதால் கிடைக்காது.

மகளிர் உரிமைத் தொகைக்குத் தகுதி இருந்தும் நிராகரித்துவிட்டார்கள். காரணம் என்னவாக இருக்கும்?

மாதம் 1,000 ரூபாய் தரும் இத்திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது சுமார் 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள்; 1.06 கோடிப் பேருக்குக் கிடைத்தது. விதிகள்: வயது 21க்கு மேல், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். கார் இருந்தாலோ, வருமான வரி கட்டினாலோ, அரசுச் சம்பளம் வந்தாலோ இல்லை. ஒரு அட்டைக்கு ஒரு பெண்.

ரேஷனில் இல்லாத சல்லடை இங்கே இருக்கிறது. சல்லடை தவறும் இடங்கள் எதிர்பார்க்கக் கூடியவைதான்.

மின்சாரம்: ஒரே மீட்டரில் இரண்டு மூன்று குடும்பம் இருந்தால் மொத்த யூனிட்டும் ஒருவர் தலையில் விழும். மேல்முறையீட்டில் எத்தனை அட்டைகள் அந்த முகவரியில் உள்ளன என்று எழுதி, நகல்களை இணையுங்கள்.

வாகனம்: விற்றுவிட்ட வண்டியின் பதிவுச் சான்று (ஆர்.சி.) இன்னும் பழைய பெயரில் இருக்கும். கணினிக்கு நீங்கள்தான் கார் முதலாளி. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றிய சான்று வேண்டும்.

ஓய்வூதியம்: தானே முதியோர் அல்லது விதவை ஓய்வூதியம் வாங்குபவருக்கு உரிமைத் தொகை கிடையாது. அதே குடும்பத்தில் வேறு தகுதியான பெண் இருந்தால் அவர் விண்ணப்பிக்கலாம். மாமியாருக்கு ஓய்வூதியம் வருகிறது என்று மருமகளைத் தள்ளியிருந்தால் அது தவறு. அட்டையில் குடும்பத் தலைவி யார் என்பதைச் சரிபாருங்கள்.

நிராகரிப்பின் காரணம் குறுஞ்செய்தியில் வரும். வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பது விதி. காரணத்துக்கு நேரான ஒரே ஒரு ஆவணத்தைத் தெளிவாக இணைப்பது, பத்துச் சான்றிதழ்களை அள்ளி வைப்பதைவிடப் பலன் தரும்.

பணம் போட்டுவிட்டதாகச் செய்தி வந்தது, கணக்கில் இல்லை. எங்கே போனது?

ஆதார் வழியாக அனுப்பும் பணம், நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்குக்குப் போகாது. கடைசியாக ஆதாரை இணைத்த கணக்குக்குப் போகும். நகைக்கடனுக்காக எப்போதோ திறந்த கணக்கில் பணம் சேர்ந்துகொண்டே இருக்கலாம். எந்த வங்கி என்பதை ஆதார் இணையதளத்திலோ வங்கிக் கிளையிலோ தெரிந்துகொள்ளலாம். வேண்டிய வங்கியில் "அரசு உதவி இந்தக் கணக்குக்கு வர வேண்டும்" என்று ஆதார் இணைப்புப் படிவம் கொடுத்தால் மாறும்.

இன்னொரு ஓட்டை குறைந்தபட்ச இருப்புக் கட்டணம். உரிமைத் தொகை தொடங்கிய மாதத்திலேயே சில வங்கிகள் அதில் பிடித்தம் செய்தன. மாநில நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அதைக் கண்டித்தார். தீர்வு, கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்பது. அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. மாதம் நான்கு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம்.

முதியோர் ஓய்வூதியம் எவ்வளவு? ஏன் இவ்வளவு இழுபறி?

தமிழ்நாட்டில் 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயில் தொடங்கிய திட்டம். 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. இதில் மத்திய அரசின் பங்கு, இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியத்தில் வருபவருக்கு 79 வயது வரை வெறும் 200 ரூபாய், 80க்கு மேல் 500. அந்த 200 ரூபாய் 2007 முதல் அப்படியே நிற்கிறது. ஆண்டுக்கு 6 சதவீத விலையேற்றம் என்று வைத்தால், 2007ல் 200 ரூபாய்க்கு வாங்கியதை 2025ல் வாங்க 570 ரூபாய் வேண்டும். உதவித்தொகையை ஒழிக்க அறிவிப்பே தேவையில்லை. உயர்த்தாமல் விட்டால் போதும். மாநிலத் திட்டங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. விலைவாசியோடு தானாக ஏறும் விதி இவற்றில் இல்லை என்பது பெரிய குறை.

இ-சேவை மையத்தில் பதிந்த மனு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று போகும். அதிகம் தடுக்கும் காரணம் "மகன் இருக்கிறார்". மகன் இருப்பது வேறு, மகன் காப்பாற்றுவது வேறு. மகன் தனி அட்டையில், தனி வீட்டில் இருக்கிறார், உதவி எதுவும் இல்லை என்பதை மனுவிலேயே எழுதி, இருவரின் ரேஷன் அட்டை நகலையும் இணையுங்கள். வயதுக்குச் சான்றாக ஆதார் மட்டும் போதும் என்று இருக்காதீர்கள். பழைய வாக்காளர் அட்டையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டிலும் வயது முரண்பட்டால் அது பெரும் தாமதத்தில் முடியும்.

கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கு 30 வயது முதலும், திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு 50 வயது முதலும் தனித் திட்டங்கள் உண்டு. 60 ஆகும் வரை காத்திருக்க வேண்டாம்.

பணத்தை ஊருக்குக் கொண்டுவரும் வங்கி முகவருக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அவருக்கான கமிஷனை வங்கி தருகிறது.

பள்ளியில் சாப்பாடு போடுவதை வறுமை ஒழிப்பு என்று சொல்ல முடியுமா?

நிச்சயமாக. காமராஜர் ஆட்சியில் 1956ல் விரிந்த மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவாகப் பெருக்கினார். இன்று வாரம் ஐந்து முட்டை. 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. சமைத்த உணவு என்பதால் கசியாது. சாப்பிடும் குழந்தையிடம் எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை. காலை ஆறு மணிக்குக் களையெடுக்கப் போகும் தாய்க்கு ஒரு வேளைச் சமையல் மிச்சம்.

பலன் ஒரு தலைமுறையோடு நிற்பதும் இல்லை. பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களின் குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு குறைவு என்று இந்தியத் தரவுகளைக் கொண்டு 2021ல் வெளியான ஆய்வு காட்டியது.

இலவசம் மக்களைச் சோம்பேறியாக்காதா? ஆயிரம் ரூபாய் டாஸ்மாக்குக்குத்தானே போகும்?

மாதம் ஆயிரம் ரூபாயில் யாராலும் வேலையை விட்டுவிட்டு வாழ முடியாது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட நால்வர் ஆறு வளரும் நாடுகளின் ஏழு பணவுதவித் திட்டங்களை ஆராய்ந்தார்கள். மக்கள் வேலை செய்வதைக் குறைத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மது, புகையிலைச் செலவு கூடுகிறதா என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த உலக வங்கி ஆய்வாளர்களும் 2014ல் அப்படிக் கூடவில்லை என்றே கண்டார்கள்.

அப்படியானால் அரசு உதவியால் முடியாதது எது?

ஒரு ஆஸ்பத்திரிச் செலவு ஐந்தாண்டு உரிமைத் தொகையை ஒரே வாரத்தில் விழுங்கும். முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனையில் மட்டும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும், படுத்த நாட்களில் போன கூலிக்கும் அது ஈடாகாது. வருமானச் சான்று வாங்கி அட்டை எடுப்பதை நோய் வரும் முன்பே முடித்து வையுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இருந்து வி.ஏ.ஓ.வைத் தேடி ஓடும் குடும்பங்கள் ஏராளம்.

நிலமும் நிலையான வேலையும் இல்லாத குறையையும் மாத உதவி தீர்க்காது. வறுமையின் ஆழத்தைக் குறைக்கும். மேலே ஏறுவதற்குக் கூலி உயர வேண்டும்.

மனு கொடுத்து மாதங்கள் ஆகியும் பதில் இல்லை. அடுத்து?

முதலில், மனு எண் இல்லாமல் எங்கும் போகாதீர்கள். வாய்மொழியாகச் சொன்னதற்கு எந்த அலுவலகத்திலும் கணக்கு இல்லை. 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணில் பதியுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் நகலோடு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில், சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர் சான்று இணைத்தால் கட்டணமே இல்லை. "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: என் மனு (எண், நாள்) இன்று எந்த அலுவலரிடம் உள்ளது, அவரிடம் எந்தத் தேதியில் வந்தது, கள விசாரணை அறிக்கையின் நகல் வேண்டும், எனக்குப் பிறகு மனு செய்து ஆணை பெற்றவர்கள் எத்தனை பேர். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் எழுத வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை மனு நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.